மூடப்பட்ட ஷூ கம்பெனி: அம்மாவின் பி.எஃப். கணக்கில் பிறந்த ஆண்டைத் திருத்த உதவி தேவை

பேரணாம்பட்டில் இருக்கும் என் அம்மா 2004 முதல் 2019 வரை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்தார். பத்து ஆண்டுக்கு மேல் பணி, 58 வயதும் கடந்துவிட்டது. ஓய்வூதியம் வந்திருக்க வேண்டும். ஆதாரில் பிறந்த ஆண்டு 1966, பி.எஃப். கணக்கில் 1969. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

ஆன்லைனில் திருத்தம் கேட்டோம். நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகவே காட்டுகிறது. கம்பெனியோ மூடிக் கிடக்கிறது; முதலாளியின் தொலைபேசி எண்ணும் இயங்கவில்லை. அம்மா பள்ளிக்குப் போனதில்லை, பிறப்புச் சான்றிதழும் கிடையாது. வாக்காளர் அட்டை, ஈ.எஸ்.ஐ. அட்டை, பழைய சம்பளச் சீட்டுகள் இருக்கின்றன. பசை நெடியில் குனிந்து குனிந்து தைத்துச் சேர்ந்த பணம் இது, யாரும் தரும் தயவல்ல.

திருத்தத்துக்காகத் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில், கம்பெனிக்குப் பதிலாக யார் சான்றொப்பமிட்டால் வேலூர் பி.எஃப். அலுவலகத்தில் ஏற்றுக்கொள்வார்கள்?