லண்டன் பெரிய அரசுப் பள்ளி: கணக்கு செட் விவரம் யாரிடம் கேட்பது?

மகள் இயர் 6, தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டு. அக்டோபர் 31-க்குள் இடைநிலைப் பள்ளிக்கு விண்ணப்பம் போக வேண்டும். பக்கத்திலிருப்பது இயர் 7-க்கு மட்டும் 270 பேரைச் சேர்க்கும் பள்ளி. பாடத் தேர்வு நிறைய, அது பிடித்திருக்கிறது. ஆனாலும் முதல் விருப்பமாகப் போடலாமா என்று தெரியவில்லை.

பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கை 2022-இல் வந்தது. அதன்பின் தலைமை ஆசிரியர் மாறிவிட்டார். ப்ராக்ரஸ் 8 (இயர் 6 முடிவில் எழுதும் சாட்ஸ் தேர்விலிருந்து 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வு வரை பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற எண்) பார்க்கலாமென்றால் 2025-க்கு அந்த எண்ணே இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கு 2020-இல் கொரோனாவால் சாட்ஸ் நடக்காததால். ஜிசிஎஸ்இ மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் அட்டெய்ன்மென்ட் 8, எந்தப் பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும். ஓப்பன் ஈவினிங்கும் போயாயிற்று. நன்றாகப் பேசும் பிள்ளைகளே சுற்றிக் காட்டினார்கள். வேலை நாளில் போனபோது கீழ் செட் (திறன் வாரியாகப் பிரித்ததில் கீழ்ப் பிரிவு) கணக்கு வகுப்பில் சப்ளை டீச்சர், அதாவது தற்காலிக ஆசிரியர். பலகையில் இருந்த கணக்கைப் பாதிப் பேர் நோட்டில் எழுதவே இல்லை. ஒரு நாளை வைத்து முடிவுகட்ட மனமில்லை.

மகள் கணக்கில் நடுத்தரம். கீழ் செட்டிலேயே நின்றுவிட்டால் ஜிசிஎஸ்இ-யில் ஃபவுண்டேஷன் என்ற எளிய தாள்தான். எவ்வளவு நன்றாக எழுதினாலும் அதில் கிரேடு 5-க்கு மேல் கிடையாது; ஹையர் தாளில்தான் 9 வரை வாங்கலாம். அடுத்த கட்டமான ஏ லெவலில் கணக்கு எடுக்க வழி பெரும்பாலும் அங்கேயே அடைபட்டுவிடும். பள்ளியில் கேட்டால் "செட் மாறிக்கொண்டே இருக்கும்" என்கிறார்கள், எத்தனை பேர் மாறினார்கள் என்பதைச் சொல்வதில்லை.

இயர் 7-இல் கீழ் செட்டில் தொடங்கியவர்களில் எத்தனை பேர் ஹையர் தாள் எழுதினார்கள் என்ற எண்ணிக்கையை, பள்ளியில் யாரிடம், எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்?