ஸ்பைடர் மேன் ரீமாஸ்டர்ட்: பறக்கும்போது கட்டடம் லேட்டா வருது, சண்டையில் அடி தாங்கல. உதவி தேவை

கேட்டவர்: காவேரிப்பட்டணத்தான்

வணக்கம் நண்பர்களே. மார்வெல்ஸ் ஸ்பைடர் மேன் ரீமாஸ்டர்ட் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். இதற்கு முன் ஆடிய சூப்பர் ஹீரோ கேம் என்றால் பேட்மேன் ஆர்க்கம் சிட்டிதான், அதைப் பலமுறை முடித்தவன்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். பீட்டருக்குக் கதவுக்கு அடியில் வாடகை பாக்கி நோட்டீஸ் வருகிறது, ஆள் ஜன்னல் வழியாகக் குதிக்கிறான், அடுத்த நொடி கன்ட்ரோல் நம்ம கையில். பத்து நிமிடம் பாடம் நடத்தவில்லை. நேராக வில்லன் ஃபிஸ்க்கின் டவர். அங்கேதான் வினை.

ஒன்று, வேகமாகப் போனால் படம் திக்கித் திக்கி நிற்கிறது. எதிரே இருக்கும் கட்டடம் களிமண் பொம்மை மாதிரி மொழுமொழுவென்று இருந்து, பக்கத்தில் போன பிறகுதான் ஜன்னலெல்லாம் வருகிறது. நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. சாயங்காலம் கரண்ட் போனால் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) 30-க்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

இரண்டு, சண்டை. நாலு பேர் சூழ்ந்தால் நான் காலி. தலைக்கு மேல் வார்னிங் கோடு வந்ததும் பட்டன் அழுத்தத்தான் செய்கிறேன், ஆனால் அடி விழுகிறது.

லேப்டாப் விவரம்: கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650 (4 ஜிபி), ரேம் 8 ஜிபி. விண்டோஸ் 256 ஜிபி எஸ்எஸ்டியில், கேம் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். எக்ஸ்பாக்ஸ் பட்டன் வைத்த சாதா கன்ட்ரோலர். அழித்துவிட்டு மறுபடி டவுன்லோடு பண்ணு என்று மட்டும் சொல்லாதீர்கள். 75 ஜிபியை பர்கூரில் சித்தி வீட்டு வைஃபையில்தான் இறக்கிக்கொண்டு வந்தேன்.

பதில்: ஓசூர் ஷிஃப்ட்

தம்பி, நிற்கும்போது சரியாக ஓடி, வேகமாகப் போனால் மட்டும் திக்கினால் கிராபிக்ஸ் கார்டை முதலில் சந்தேகப்படக் கூடாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு ஒரு ரவுண்டு பறந்து வாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், பாருங்கள்.

இந்த கேம் ஊரை மொத்தமாக மெமரியில் ஏற்றி வைப்பதில்லை. நீங்கள் போகப் போக முன்னால் இருக்கும் தெருவை டிஸ்க்கிலிருந்து எடுத்துப் போடுகிறது. 2018-இல் பிஎஸ்4-க்கு வந்தபோதே கேமை உருவாக்கிய இன்சோம்னியாக் ஆட்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். ஹார்ட் டிஸ்க் தேடி அலையக் கூடாதென்று ஒரே பொருளின் டேட்டாவைப் பல இடத்தில் நகல் எடுத்து வைத்தார்கள். சில துண்டுகள் 400 முறை வரை நகலாகியிருந்ததாக 2020-இல் பிஎஸ்5 பற்றிப் பேசும்போது அதை வடிவமைத்த மார்க் செர்னியே சொன்னார். 2022-இல் பிசிக்கு வந்த உங்கள் கேமுக்கும் அதே மன்ஹாட்டன்தான், அதே பசிதான்.

டவுன்லோடு வேண்டாம். ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய், கேமைத் தேர்வு செய்து, எஸ்எஸ்டிக்கு மூவ் கொடுங்கள். நெட் செலவாகாது. முன்னதாக எஸ்எஸ்டியில் 90 ஜிபியாவது காலி பண்ணுங்கள், கல்யாண வீடியோவையெல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளுங்கள். டெக்ஸ்சரை மீடியத்தில் வையுங்கள், ஒளியும் பிரதிபலிப்பும் நிஜம் மாதிரி காட்டும் ரே டிரேசிங் பக்கமே போக வேண்டாம், கூட்டமும் டிராஃபிக்கும் லோ. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் 2-ஐ குவாலிட்டியில் போடுங்கள். அப்புறம் முடிந்தால் இன்னொரு 8 ஜிபி ரேம். பின்னணியில் பிரவுசர் ஓடினால் 8 போதாது.

கரண்ட் போனால் சரியாக 30 என்பது பழுது இல்லை. என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் அது. சார்ஜர் இல்லாதபோது கேமை 30-இல் கட்டிப்போடும். அதை அணைக்கலாம், ஆனால் பேட்டரியில் கார்டுக்கு முழு பவர் கிடைக்காது, பெரிய லாபம் இருக்காது.

பதில்: பாலக்கோடு அக்கா

சண்டைக்கு நான் வருகிறேன். ஆர்க்கம் சிட்டி என்று சொன்னீர்களே, அங்கேதான் விஷயம். தலைக்கு மேல் கோடு தெரிந்ததும் ஒய் அழுத்துகிறீர்களா? பேட்மேனில் ஒய் அடித்தால் வருகிறவன் கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார். இங்கே ஒய் என்றால் வலையை வீசி எதிராளியை நோக்கி நாமே பாய்வது. ஒருத்தன் முஷ்டியை ஓங்கும்போது அவன் முகத்துக்கு நேராகப் பறந்துபோய் நிற்கிறீர்கள்.

இந்த கேமில் பேட்மேன் மாதிரி நின்று தடுப்பது கிடையாது. பி பட்டனை அழுத்தி நழுவணும். கடைசி நேரத்தில் நழுவினால், அடிக்க வந்தவன் முகத்தில் தானாகவே வலை விழும். தரையில் நிற்பதே வீண். எக்ஸை அழுத்திப் பிடித்தால் ஒருத்தனை மேலே தூக்கிப் போகலாம், அங்கேயே அடித்தால் கீழே இருப்பவர்கள் கை எட்டாது. தடியன் வந்தால் நேராகக் குத்தாதீர்கள், ஆர்பி-யால் வலை சுற்றிவிட்டு அப்புறம் அடியுங்கள். உயிர் குறைந்தால் டி-பேடில் (திசை பட்டன்களில்) கீழ் பட்டன், சண்டையில் சேரும் ஃபோகஸ் செலவாகி உயிர் ஏறும். பலர் அதை, ஒருத்தனை ஒரேயடியாக வீழ்த்தும் ஃபினிஷருக்கே சேர்த்து வைத்துச் சாவார்கள்.

பறப்பதற்கும் ஒன்று. வலையில் ஊஞ்சலாடும் ஆர்டி பட்டனைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். கீழே வந்து மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் விட்டால் வேகம், நன்றாக ஏறிய பிறகு விட்டால் உயரம். விட்ட கையோடு ஏ பட்டன். வலை உண்மையான கட்டடத்தில்தான் ஒட்டும், அதனால் சென்ட்ரல் பார்க்கில் மரத்தைப் பிடித்துத் தாழ்வாகத்தான் போகணும். அங்கே தடுமாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

பதில்: தர்மபுரி பஸ் ஸ்டாண்டு

இதுக்கெல்லாம் இவ்வளவு பெரிய பதிலா? டிஃபிகல்ட்டியை ஃபிரெண்ட்லியில் வை, வேலை முடிந்தது.

பதில்: பாலக்கோடு அக்கா

வைக்கலாம், தப்பில்லை. ஆனால் ஃபிரெண்ட்லியில் வைத்தாலும் ஒய் அடித்தால் அவன் முகத்துக்குத்தான் போவார் தம்பி.

கேட்டவர்: காவேரிப்பட்டணத்தான்

டிஸ்க் 100-இல்தான் நின்றது அண்ணா. எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன், இப்போது கட்டடங்கள் நாம் போவதற்கு முன்பே ஜன்னலோடு நிற்கின்றன. அக்கா சொன்னபடி பி-யிலேயே கையை வைத்து ஆடினேன், ஃபிஸ்க் விழுந்துவிட்டான். விரல் இன்னும் பழக்கத்தில் ஒய்க்குத்தான் ஓடுகிறது. அதற்கு செட்டிங்ஸில் பட்டனை மாற்றிக்கொள்ளலாமா, இல்லை இப்படியே பழகிவிடுவதா? இன்னொன்று, மதியம் ஆடினால் மட்டும் கொஞ்ச நேரத்தில் ஃபிரேம் இறங்குகிறது, ஃபேன் சத்தம் மாவு மில் கணக்கில்.

பதில்: ஓசூர் ஷிஃப்ட்

பட்டனை மாற்றாதீர்கள், வேறொருத்தர் கன்ட்ரோலரில் உட்கார்ந்தால் மறுபடி குழப்பம். சத்தம் சூட்டால் வருவது. மெத்தையில் வைத்து ஆடுகிறீர்களா? மேஜையில் வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, ஃபிரேமை 45-இல் லாக் பண்ணிப் பாருங்கள். அதற்கும் இறங்கினால் உள்ளே தூசி. கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றச் சொல்லுங்கள்.