ஃப்ளாட்டை மொத்தமாக விற்கச் சொல்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிமில் நாங்கள் இருக்கும் பழைய அடுக்குமாடி ஃப்ளாட்டை ஒரு நிறுவனம் கட்டடம் மொத்தமாகக் கேட்கிறது. "பெரும்பாலானவர் சம்மதித்தால் போதும், நீங்கள் மறுத்தாலும் விற்றுவிடலாம்" என்று ஏஜென்ட் மாடி மாடியாகச் சொல்லிப் போகிறார்.

நான் படித்தவரை, 1985 ஸ்ட்ராட்டா சட்டப்படி (அடுக்குமாடி வீட்டு உரிமைக்கான சட்டம்) எல்லா உரிமையாளரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். 80, 75 விழுக்காட்டினர் சம்மதித்தால் போதும் என்பது 2025-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவின் கணக்கு. சிங்கப்பூரில் 80 விழுக்காடு நடைமுறையிலேயே இருக்கிறது, ஆனால் அது வேறு நாடு.

அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் சீவி, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து வாங்கிய வீடு. கடன் முடிந்துவிட்டது. தருகிற விலைக்கு இங்கே வேறு வீடு கிடைக்காது. அப்பா வயதுக்கு வங்கி இனிக் கடன் தராது. வக்கீல் கட்டணம், முத்திரை வரி, இடையில் கட்டும் வாடகை எல்லாம் யார் தலையில்? அம்மா டயாலிசிஸுக்கு நடந்தே போய்வருகிறார். அதற்கு எந்த மதிப்பீட்டாளர் விலை போடுவார்? கையெழுத்துப் போட்டவர்கள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய வேதனை.

கெடா, பினாங்கு பக்கம் ஸ்ட்ராட்டா விவகாரம் பார்க்கும், தமிழில் விளக்கக்கூடிய வக்கீல் தெரியுமா? இப்படி விற்றவர்கள் இருந்தால், கைக்கு உண்மையில் எவ்வளவு வந்தது என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் கூட்டம் இருக்கிறது.