மலையில் சூரிய உதயம் பார்க்கப் போய் மறக்க முடியாமல் போனது: அனுபவப் பகிர்வு

கருக்கல்:
மூன்று மணி அலாரம், தூங்குகிற குழந்தையைப் போர்வையோடு தூக்கிப் பின்சீட்டில் போட்டது, கொண்டையூசி வளைவுகளில் காது அடைத்தது, இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். போனில் உதயம் 6:02 என்று போட்டிருந்தது. 5:50-க்கே மேலே போய் நின்றுவிட்டோம். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். கிழக்கே எதிரில் ஒரு முகடு. அதன் பின்னால் வானம் வெளுத்தது, சிவந்தது, அப்புறம் அந்தச் சிவப்பும் கரைந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. 6:02 ஆயிற்று. 6:10. 6:15. மகளுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "மேகத்துக்குள்ளேயே வந்துட்டுப் போயிருக்கும், வாங்க" என்றேன். மனைவி இன்னும் அஞ்சு நிமிஷம் என்றாள். நான் கேட்கவில்லை, வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

இரண்டாவது வளைவில் திரும்பும்போது மேலேயிருந்து சத்தம். அத்தனை பேரும் ஒன்றாக "ஓ"வென்று கத்தினார்கள். கண்ணாடியில் பார்த்தால் மகள் பின்பக்கக் கண்ணாடியில் நெற்றியை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குறுகலான ரோடு, பின்னால் வேறு வண்டி, திரும்பவும் வழியில்லை. பதினோரு வருஷம் ஆகிறது. அந்த "ஓ" இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மூட்டுவலிக்காரன்:
நான் உதயத்தைப் பார்த்தேன், ஆனால் மனதில் நிற்பது அது இல்லை. எல்லாரும் கிழக்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒதுங்குவதற்காக மேற்குச் சரிவுப் பக்கம் போனேன். கீழே பள்ளம் முழுக்க மூடுபனி. அதன்மேல் ஓர் ஆள் நிற்கிறான். ராட்சத உருவம், தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம். வந்த வேலையே நின்றுவிட்டது. கையைத் தூக்கினேன், அவனும் தூக்கினான். அப்போதுதான் அது என் நிழல் என்று உறைத்தது.

நண்பனை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "வளையம் என் தலைக்குடா, உனக்கு ஒண்ணும் இல்லையே" என்றான். எனக்கோ என் தலையைச் சுற்றித்தான் தெரிகிறது, அவன் நிழல் மொட்டையாக நிற்கிறது. அங்கேயே சண்டை. இன்றைக்கும் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தப் பேச்சு வரும்.

தூக்கக்கலக்கம்:
கருக்கல், தப்பு மேகத்தின் மேலும் இல்லை, போனின் மேலும் இல்லை. இதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது.

போன் காட்டுகிற நேரம் எதிரே தடையில்லாத தட்டையான அடிவானத்துக்குப் போட்ட கணக்கு. சூரியனின் மேல்விளிம்பு அந்தக் கோட்டைத் தொடுகிற நேரம் அது. உங்களுக்கு முன்னால் முகடு நின்றிருக்கிறதே, அதைத் தாண்டி ஏற வேண்டாமா? பூமி மணிக்கு 15 பாகை (டிகிரி) சுற்றுகிறது, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். கையை நேரே நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய 5 பாகை, முழு முஷ்டி என்றால் 10. முகடு மூன்று விரல் உயரம் இருந்தால் குறைந்தது 20 நிமிடம் தாமதம். 6:02 போக 6:22. நீங்கள் 6:15-க்குக் கிளம்பியிருக்கிறீர்கள்! இதுவும் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிற நிலநடுக்கோட்டுப் பக்கத்துக் கணக்குதான். வடக்கேயோ தெற்கேயோ தள்ளிப் போகப் போக அது சாய்ந்து ஏறும், இன்னும் நேரம் பிடிக்கும். மாறாக, கிழக்கே திறந்த வெளியாக இருந்தால் உயரத்தில் நிற்பவருக்குக் குறித்த நேரத்துக்குச் சில நிமிடம் முன்னாலேயே சூரியன் தெரிந்துவிடும்.

இன்னொன்று. அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு முழு வட்டமாக நிற்கிற சூரியனைப் பார்க்கிறோமே, கணக்குப்படி அது அந்த நேரத்தில் இன்னும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. காற்று ஒளியை வளைத்து நமக்குத் தூக்கிக் காட்டுகிறது. வளைவு சுமார் 34 கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை), சூரியனின் அகலமே சுமார் 32 கலைதான். எனக்கு இது புரிந்த அன்று ராத்திரி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன், வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஆகவே எல்லாரும்: முக்கால் மணி நேரம் முன்னாலேயே போங்கள். சூரியன் 6 பாகை கீழே இருக்கும்போதே ஓரளவு நல்ல வெளிச்சம் வந்துவிடும், நிறமெல்லாம் பெரும்பாலும் அப்போதுதான். முதுகுப்பக்கமும் பாருங்கள். மேற்கே அடிவானத்தில் நீலச்சாம்பலாக ஒரு பட்டை தெரியும், மேலே இளஞ்சிவப்பு. அந்தச் சாம்பல் பட்டை பூமியின் நிழல். சூரியன் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள், நாளிலேயே அதிகக் குளிர் பெரும்பாலும் உதயத்தை ஒட்டித்தான்.

என் அனுபவம்: ஒரே ஒரு தடவை போனேன். காரிலேயே தூங்கிவிட்டேன்.

ஒற்றைச்செருப்பு:
முக்கால் மணி முன்னால் போகச் சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் ஒன்றே கால் மணி நேரம் முன்னால் போனோம். நல்ல இருட்டு. ஒரு பாறை கிடைத்தது, வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டோம். காலுக்குக் கீழே கொஞ்சம் தள்ளிப் புல்தரை மாதிரி மங்கலாக வெளுப்பாகத் தெரிந்தது. எங்களில் ஒருவன் அங்கே குதித்து இறங்கி நின்று படம் எடுக்கலாம் என்றான். "விடியட்டும் இருடா" என்று நான்தான் சொன்னேன், அதுவும் எனக்கு எழுந்திருக்கச் சோம்பலாக இருந்ததால். வெளிச்சம் வந்தது. புல்தரை இல்லை, மேகம். அது மெல்ல நகர்ந்து பிளந்தபோது உள்ளே, வெகு கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு கூரை தெரிந்தது.

யாரும் எழுந்து ஓடவில்லை. உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தோம். என் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. விழுந்த சத்தமே கேட்கவில்லை. அன்றைக்குச் சூரியன் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மூட்டுவலிக்காரன்:
டார்ச் கொண்டு போகவில்லையா?

ஒற்றைச்செருப்பு:
இருந்தது. அடித்தால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும், நட்சத்திரம் தெரியாது என்று அணைக்கச் சொன்னவனும் அதே ஆள்தான், குதிக்கப் பார்த்தவன்.

தூக்கக்கலக்கம்:
அவர் சொன்னது சரிதான், கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். அதற்காகத்தான் சிவப்பு வெளிச்சம் வைப்பது. ஆனால் இடத்தை ஒரு தடவை நன்றாக அடித்துப் பார்த்துவிட்டு அணைத்திருக்க வேண்டும். முடிந்தால் முந்தின நாள் பகலிலேயே.

நடுச்சாமம்:
மூட்டுவலிக்காரன் சொல்வதை நம்ப முடியவில்லை. ஆளுக்கு ஒரு வளையம் என்றால் அது மனப்பிரமை. ராத்திரி தூங்காமல் வந்தால் எனக்கும் என்னென்னவோ தெரியும்.

ஈரக்குடை:
பிரமை இல்லை. ஜெர்மனியில் பிராக்கன் என்ற மலையில் இதை அடிக்கடி பார்த்ததால் அந்த நிழலுக்கே பிராக்கன் பூதம் என்று பெயர். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருக்க வேண்டும், முன்னால் கீழே மூடுபனி வேண்டும். பனித்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியைச் சுற்றித்தான் வளையம் விழும், அந்தப் புள்ளி அவரவர் கண்ணுக்கு அவரவர் தலை நிழலில். அதனால் நண்பர்கள் இருவர் சொன்னதும் உண்மை. உருவம் பெரிதாகத் தெரிவது மட்டும் கண்ணின் ஏமாற்று, நிழல் எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று பனியில் பிடிபடுவதில்லை.

நான் பார்த்ததில்லை. மூன்று தடவை போயிருக்கிறேன், மூன்று தடவையும் பனிக்குள்ளேயே நின்றேன்.

மூட்டுவலிக்காரன்:
இதை அவனுக்கு அனுப்பினேன். "பாத்தியா, வளையம் எனக்குத்தான்னு போட்டிருக்கு" என்கிறான்.

கருக்கல்:
தூக்கக்கலக்கத்துக்கு நன்றி, ஆனால் நான் கணக்குக் கேட்கவில்லை. மூன்று விரல் என்று படித்ததும் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். முகடு உயரம்தான். ஏழு நிமிஷம் என்று இப்போது தெரிவதால் கூடுதலாகத்தான் வலிக்கிறது, போங்கள்.

நேற்று மகளிடம் கேட்டேவிட்டேன், இத்தனை வருஷம் கேட்டதில்லை. அந்தச் சத்தமே அவளுக்கு நினைவில்லையாம். குளிரில் கண்ணாடி பனிபடர்ந்திருந்தது, மூச்சுவிட்டு விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தேன் என்கிறாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா என்று தெரியவில்லை. மனைவி பக்கத்தில்தான் இருந்தாள், "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.