மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்: கீழே கடை, மேலே வீடு. நடக்குமா?

மவுண்ட்ரோட்டான்:
சென்னை அண்ணா சாலையிலிருந்து (பழைய மவுண்ட் ரோடு) ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பிரியும் மூலையில், வளைவும் கோபுரமுமாக ஒரு கட்டடம் பாழடைந்து நிற்கிறதே, இந்த இழை அதைப் பற்றித்தான். மருந்து வியாபாரம் செய்த டபிள்யூ. இ. ஸ்மித் கம்பெனி 1897-ல் கட்டியது. அப்போது பெயர் கார்டில் பில்டிங். பிறகு ஸ்பென்சர் கைக்குப் போனது. 1934-ல் லாகூரின் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் எல்.ஐ.சி.க்கு வந்தது. 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். பாரம்பரியக் கட்டடங்களுக்காகப் போராடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. 2010-ல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு. அப்புறம் வருஷக்கணக்காகப் பாழாகவே கிடக்கிறது.

என் யோசனை இது. அருங்காட்சியகம் வேண்டாம், இன்னொரு அரசு அலுவலகமும் வேண்டாம். தரைத்தளம் முழுக்கக் கடைகள். மேலே சின்னச் சின்ன வீடுகள், வாடகைக்கு மட்டும். ஆள் குடியிருந்தால் கூரை ஒழுகிய மறுநாளே யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள். பூட்டிய கட்டடத்தில் ஆலஞ்செடி மரமான பிறகுதான் தெரியும்.

பாலிசிதாரன்:
யார் பணத்தில் சார்? எல்.ஐ.சி. பணம் என்பது என்னை மாதிரி மாதாமாதம் பிரீமியம் கட்டுகிறவனின் பணம். மவுண்ட் ரோட்டில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 கட்டட விதிப்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) 2, உயரமான கட்டடத்துக்கு 3.25. அந்த மனையில் ஒரு பெரிய கட்டடம் எழுப்பினால் வருகிற வாடகை எவ்வளவு, பழைய சுவரைத் தாங்கிப் பிடித்து நாலு குடித்தனம் வைத்தால் வருகிற வாடகை எவ்வளவு? வித்தியாசத்தை யார் கொடுப்பது? வழக்குப் போட்டவர்களா?

மவுண்ட்ரோட்டான்:
நீங்கள் சொல்லும் பெரிய கட்டடம் 2006-லிருந்து வரவில்லையே. இடிக்கவும் முடியாமல், பழுது பார்க்கவும் மனசில்லாமல் சும்மா கிடக்கிற மனைக்கு வாடகை பூஜ்யம். நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த 400-க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் இது இருக்கிறது. அதனால் இடித்துவிட முடியாது. அப்படியென்றால் 3.25 என்பது கனவுக் கணக்கு. அதோடு ஒப்பிட்டு நஷ்டம் என்று சொல்வது சரியா?

சாந்துச்சட்டி:
நான் ஸ்ட்ரக்சுரல் வேலை பார்க்கிறவன். இந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும். ஆனால் வீடு என்ற யோசனையை அவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டாம்.

பழைய சென்னைக் கட்டடங்களில் மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பில் கட்டி, செங்கல் ஜல்லி போட்டு அடித்து, மேலே தட்டோடு பாவியிருப்பார்கள். இதில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதுதான் முதல் கேள்வி. கட்டடம் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்லும் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியில் வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். சில்லறைக் கடைக்கு 400. புத்தக அடுக்கு வைத்தால் குறைந்தது 600. அதாவது மேல்தளத்துக்கு இருப்பதிலேயே மென்மையான உபயோகம் குடித்தனம்தான். "நூலகம் ஆக்குங்கள்" என்று ஆசைப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வீட்டில் ஆபத்து பாரம் அல்ல, தண்ணீர். இருபது குடித்தனம் என்றால் இருபது குளியலறை. கசிவு தேக்குச் சட்டத்தின் முனையில், சுவருக்குள் சொருகியிருக்கும் இடத்தில் போய் நிற்கும். அங்கேதான் முதலில் இற்றுப்போகும். மேலே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மாவாகியிருக்கும். அதனால் குளியலறை, சமையலறைக் குழாய், லிப்ட், தீ விபத்துப் படிக்கட்டு எல்லாவற்றையும் பின்பக்கம் தனி இரும்புச் சட்டக் கட்டுமானமாக எழுப்பி, பழைய சுவரில் பாரம் ஏறாமல் ஒட்டி நிறுத்த வேண்டும். பழைய பாகத்தில் கூடமும் படுக்கையறையும் மட்டும்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். பாதி பாரம்பரியக் கட்டடங்களைக் கொன்றது இடிப்பவர்கள் அல்ல, நல்ல மனசோடு சிமென்ட் பூசியவர்கள்.

கூவத்தங்கரை:
எல்லாம் சரி. கார் எங்கே நிறுத்துவீர்கள்?

மவுண்ட்ரோட்டான்:
நிறுத்த வேண்டாம். எல்.ஐ.சி. மெட்ரோ நிலையம் கூப்பிடு தூரத்தில். வாசலில் பஸ். வேலைக்குப் போகிறவர்கள் அறை எடுத்துத் தங்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் எத்தனை பேருக்குக் கார் இருக்கிறது? ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் வேலை செய்கிறவர்கள் தினமும் எங்கிருந்தெல்லாமோ ரயில் மாறி வருகிறார்கள். நடந்து வேலைக்குப் போக ஒரு வீடு கிடைத்தால் கார் கேட்கவா போகிறார்கள்? இந்த மாதிரிக் கட்டடத்துக்குப் பார்க்கிங் விதியில் விலக்கு கொடுக்காவிட்டால் எந்தப் பழைய கட்டடமும் பிழைக்காது.

பினாங்குக்காரன்:
ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பையன் அங்கே குடியிருப்பான் என்று நம்புகிறீர்களா அண்ணே? நான் ஜார்ஜ் டவுன்காரன். சென்னை ஜார்ஜ் டவுன் இல்லை, பினாங்கு. இங்கே லிட்டில் இந்தியா பக்கமெல்லாம் கீழே கடை, மேலே வீடுதான். தாத்தா காலத்திலிருந்து ஒரே வாடகை. 2000-ல் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. குடியிருந்தவர்கள் கொத்துக் கொத்தாக வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ அந்தஸ்து வந்தது. அப்புறம் சுவர் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சூட்கேஸ் உருட்டிக்கொண்டு வருகிறவர்கள். கீழே மசாலா அரைத்த கடையில் இப்போது காபி. கட்டடத்தைக் காப்பாற்றினார்கள், சரி. "வாடகைக்கு மட்டும்" என்று நீங்கள் சொல்வது போதாது. வாடகை எவ்வளவு, யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று முதல் நாளே எழுதி வைக்காவிட்டால் மவுண்ட் ரோட்டில் இன்னொரு ஹோட்டல்தான் கிடைக்கும்.

பாலிசிதாரன்:
நல்லாச் சொன்னீர்கள் பினாங்குத் தம்பி, ஆனால் உங்கள் மருந்து நோயைவிட மோசம். வாடகையை எழுதி வைத்துக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பம்பாய் வாட்சன்ஸ் ஹோட்டலைப் பாருங்கள். 1860-களில் கட்டிய வார்ப்பிரும்புக் கட்டடம். அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். வாடகை சொற்பம், பழுது பார்க்க எவனும் முன்வரவில்லை. 2005-ல் ஒரு பாகம் இடிந்து விழுந்தது. 2019-ல் ஆட்களைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்ற உத்தரவு. நம் ஊரில் 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தபோது என்ன நடந்தது என்று ஜார்ஜ் டவுன் (சென்னை ஜார்ஜ் டவுன்தான்) தெருக்களில் நடந்து பார்த்தால் தெரியும். அதற்குப் பதிலாக வந்த 2017 வாடகைச் சட்டம் 2019-ல் அமலுக்கு வந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள்.

சாந்துச்சட்டி:
வாட்சன்ஸைக் கொன்றது குடித்தனக்காரர்கள் என்று சொல்லாதீர்கள். பராமரிப்புக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்காததுதான் காரணம். ஆளே இல்லாத கட்டடமும் விழும். புதுச்சேரியில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 1871 வாக்கில் கட்டியது, 2014 நவம்பர் மழையில் பொத்தென்று விழுந்தது. உலக வங்கிப் பணத்தில் அதே முகப்போடு மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். கடற்கரையில் நின்று பார்த்தால் நன்றாக இருக்கும். ஆனால் அது புதுக் கட்டடம். பழையது போனது போனதுதான். அதைப் புதிதாகக் கட்டும் செலவில் சிறு பங்கு இருந்தால் கூரையைச் சரி செய்து விழாமல் நிறுத்தியிருக்கலாம்.

எழும்பூர்ப்பிள்ளை:
எதற்கு இவ்வளவு சுற்றி வளைப்பு? விக்டோரியா பப்ளிக் ஹாலை மாநகராட்சி செலவு செய்து புதுப்பிக்கவில்லையா? அதே மாதிரி இதையும் எடுத்துப் பொது அரங்கம் ஆக்கிவிட்டால் வீடு, வாடகை, பார்க்கிங் ஒரு தலைவலியும் இல்லை.

மவுண்ட்ரோட்டான்:
விக்டோரியா ஹால் 1888-ல் கட்டும்போதே அரங்கம்தான். அதை மறுபடி அரங்கம் ஆக்குவது சுலபம். அதோடு அது மாநகராட்சி பொறுப்பு. இது இன்னொருவர் சொத்து. ரிப்பன் கட்டடத்திலிருந்து மாநகராட்சி கேட்டால் எல்.ஐ.சி. சாவியை எடுத்து நீட்டுமா?

பாலிசிதாரன்:
அந்தக் கேள்விக்கு நானே வருகிறேன். மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டட விதி கொண்டுவந்தார்கள். பழைய கட்டடத்தை வைத்துக்கொள்கிறவருக்கு, அங்கே கட்ட முடியாமல் போன பரப்பை வேறு இடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமை. டி.டி.ஆர். என்பார்கள். அதை விற்கவும் செய்யலாம். சென்னையிலும் எல்.ஐ.சி. கைக்கு அப்படி ஒன்று ஒழுங்காகக் கிடைத்து, அந்தப் பணம் இந்தக் கட்டடத்தின் பராமரிப்புக் கணக்கிலேயே நிற்கும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் பிரீமியத்தில் கைவைக்காமல் யார் வேண்டுமானாலும் குடியிருக்கட்டும். அது எழுத்தில் வரும்வரை நான் எதிர்ப்புதான்.

பினாங்குக்காரன்:
பராமரிப்புக்குக் கீழ்த்தளக் கடை வாடகை போதாதா? மேலே வீட்டு வாடகையைக் குறைத்து, கீழே சந்தை விலைக்கு விடலாமே.

மவுண்ட்ரோட்டான்:
விடலாம். ஆனால் முகப்புக் கடைகளில் பாதியாவது பேட்டர்ஸ் ரோட்டுக்காரர்களுக்கே போக வேண்டும் என்பேன்.

சாந்துச்சட்டி:
ஸ்பேர் பார்ட்ஸா? அடுக்கி வைத்த பேரிங்கும் கியரும் சதுர மீட்டருக்கு என்ன எடை வரும் என்று யோசித்தீர்களா? தரைத்தளம்தான், தாங்கும், சரி. ஆனால் மாடிக்கு ஒரு பெட்டி கூட ஏற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். கடைக்காரர்கள் காலி அறையைப் பார்த்தால் குடோன் ஆக்காமல் விடமாட்டார்கள்.

கூவத்தங்கரை:
அந்தக் கியர் பெட்டியை இறக்க வருகிற டாடா ஏஸை எங்கே நிறுத்துவீர்கள்?