ஊர் கேட்டால் "கண்டி" என்று சொல்கிறேன். இப்படி மறைப்பது மனதைப் பாதிக்குமா?

பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

வணக்கம். எனக்கு ஊர் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். நான் வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்து பம்பலப்பிட்டியில் கணக்கு வேலைக்குப் போகிறேன். ஒபிஸில் ஊர் கேட்டால் "கண்டி" என்று சொல்லிவிடுவேன். அதோடு முடிவதில்லை. கண்டியில் எங்கே, எந்தப் பள்ளிக்கூடம், அப்பா என்ன செய்கிறார் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். யாரிடம் எதைச் சொன்னேன் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். அம்மா போன் எடுத்தால் மாடிப்படிக்குப் போய்த்தான் பேசுவேன், "அங்கிட்டு, இங்கிட்டு" என்று தோட்டத்துப் பேச்சு வாயில் வந்துவிடுமே என்று. பின்னேரம் அறைக்கு வந்தால் வேலைக் களைப்பை விட இந்தக் களைப்புதான் பெரிது.

யாரும் என்னை நேரே ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பக்கத்து மேசையில் வேறு யாரையோ "தோட்டக்காட்டார்" என்று சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். உளவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்: இப்படி மறைப்பதால் கெடுதி உண்டா, இல்லை நான்தான் அதிகம் யோசிக்கிறேனா?

உளவளத்துணையாளர், கொட்டாஞ்சேனை

தங்கச்சி, நீங்கள் அதிகம் யோசிக்கவில்லை. 1999இல் லோரா ஸ்மார்ட், டானியல் வெக்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உணவுக்கோளாறு உள்ள பெண்களையும் இல்லாத பெண்களையும் பேட்டிக்கு உட்கார வைத்தார்கள். சிலரைக் கோளாறு உள்ளவர் போலவும் சிலரை இல்லாதவர் போலவும் பதில் சொல்லச் சொன்னார்கள். உண்மையில் கோளாறு இருந்து அதை மறைத்தவர்களுக்குத்தான் அந்த நினைப்பு விடாமல் வந்துகொண்டிருந்தது. எதிரே இருப்பவரும் அதையே நினைக்கிறார் என்றுகூட அவர்களுக்குத் தோன்றியது. மாடிப்படியில் நின்று நீங்கள் படும் பாடும் இதுதான்.

அதே 1999இல் பிரான்ஸ்கோம்பும் கூட்டாளிகளும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பாகுபாட்டை உணர்வது மனநலத்தைக் கெடுக்கிறது. ஆனால் அதுவே ஆட்களைத் தங்கள் சனத்தோடு நெருக்கமாக ஒட்டவும் வைக்கிறது. அந்த ஒட்டுதல் கெடுதியில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. மறைத்து வாழ்பவருக்கு இந்த ஆறுதல் கிடைப்பது கஷ்டம் என்பது என் எண்ணம்.

அதற்காக நாளைக்கே ஒபிஸில் எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்தில்லாத ஒரே ஒரு ஆள் போதும். தூக்கம், சாப்பாடு கெட்டுப்போகிற அளவுக்கு வந்தால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், வெள்ளவத்தை

பிள்ளை, யுத்தக் காலத்தில் கொழும்பில் நாங்களும் மறைத்தோம். பஸ்ஸில் தமிழ் கதைக்கமாட்டோம், பொட்டை அழித்துவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழ்ச் சனத்தை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள்; உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. இதையெல்லாம் கண்ட எங்கள் ஆட்களே உங்களை அந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்றால் வெட்கம் எங்களுக்குத்தான்.

ஹட்டன்காரன், கிராண்ட்பாஸ்

நீண்ட விடுமுறைக்கு முந்தின இரவு புறக்கோட்டையில் ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள் தங்கச்சி. கடைப் பையன், வங்கிக்காரர், கெம்பஸ் பிள்ளை எல்லாம் அதில்தான். 1948இல் எங்கள் மலையகச் சனத்தைக் குடியுரிமை இல்லாமல் செய்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இத்தனை காலம் இந்த நாட்டு ஆள் இல்லை என்று கேட்டு வளர்ந்த சனத்துக்கு ஊரைச் சொல்லத் தயக்கம் வரத்தானே செய்யும்?

பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. அறையில் கூட இருக்கும் திருகோணமலைப் பிள்ளையிடம் முதலில் சொல்லப்போகிறேன். ஒபிஸில் இப்போதைக்கு இல்லை. அக்கா, இவ்வளவு நாள் கண்டி என்று சொன்னதற்கு அவள் கோபப்பட்டால் என்ன செய்வது?

உளவளத்துணையாளர், கொட்டாஞ்சேனை

கோபப்பட்டால் கொஞ்சம் விடுங்கள், ஆறட்டும். ஊரை மட்டும் சொல்லாமல் ஏன் மறைத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து மேசையில் கேட்டதை அப்படியே சொன்னால் அவளுக்கு விளங்கும்.