எரிமலைக்குப் போய்க் குளிர் காய்ந்தவர்கள்

ராஜி: ஹவாயில் கிலாவேயா எரிமலைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். ஹீலோ நகரத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரம். ஒரு காருக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர்.

அம்மா: சாப்பிட்டீர்களா? நெருப்புக்குப் பக்கத்தில் போகாதே.

ராஜி: நெருப்பே இல்லை அம்மா. குளிர்! மெல்லிய சட்டையோடு வந்து நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணன்: எரிமலைக்குப் போய்க் குளிர் காய வேண்டியதுதான்.

ராஜி: உண்மையில் அதைத்தான் செய்தோம். மழைநீர் கீழே இறங்கி, சூடான பாறையில் பட்டு, தரைப் பிளவுகள் வழியாக ஆவியாக வருகிறது. அதன் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றோம்.

சித்தப்பா: கிலாவேயாவின் உச்சி ஏறக்குறைய 1,200 மீட்டர். ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. ஸ்வெட்டர் எடுத்துப் போயிருக்க வேண்டாமா?

அத்தை: மலை எங்கே? நீ அனுப்பிய படத்தில் வெறும் பொட்டலும் பள்ளமும்தானே தெரிகிறது?

சித்தப்பா: அதுதான் மலை. தோசை மாவு நீர்த்திருந்தால் கல்லில் பரவிவிடும், கெட்டியாக இருந்தால் குவிந்து நிற்கும் அல்லவா? இங்கே எரிமலைக் குழம்பு நீர்த்தது. அதனால் கவிழ்த்த கேடயம் போலப் படர்ந்திருக்கிறது.

அத்தை: இப்படிச் சொன்னால் புரிகிறது.

ராஜி: 2024 டிசம்பர் 23 முதல் விட்டுவிட்டுப் பொங்குகிறதாம். நாங்கள் வந்த நேரம் ஓய்வு. உச்சியில் இருக்கும் ஹலேமவுமவு பள்ளத்தில் புகை மட்டும். பெலே என்னும் தெய்வத்தின் வீடு அது. பொங்கும்போது குழம்பு காற்றில் இழுபட்டு, மயிரிழை போன்ற கண்ணாடியாக உறைந்து விழுமாம். அதற்குப் பெலேயின் கூந்தல் என்று பெயர். தொடக் கூடாது, கையில் குத்தும், கண்ணில் பட்டால் ஆபத்து.

கண்ணன்: அப்படியானால் பார்த்தது புகை மட்டும்தானா?

ராஜி: பக்கத்தில் கிலாவேயா இக்கி என்ற இன்னொரு பள்ளத்தில் இறங்கி நடந்தோம். 1959-இல் 580 மீட்டர் உயரத்துக்கு நெருப்பூற்று அடித்த இடம். அன்று கொதித்த ஏரி இன்று கறுப்புத் தரை. வெடிப்புகளில் ஓஹியாச் செடிகள், சிவப்புப் பூக்களோடு. அதைப் பார்த்தபோது புகை மட்டும் கண்ட வருத்தம் போய்விட்டது. உங்கள் மாப்பிள்ளை மட்டும் முழங்கால் வலி என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

அம்மா: அவருக்குத் தைலம் தடவிவிடு. பூஜை அறையில் வைக்க அங்கிருந்து ஒரு சின்னக் கல் எடுத்து வா.

ராஜி: ஒரு கூழாங்கல்கூட எடுக்கக் கூடாது அம்மா, சட்டப்படி குற்றம். எடுத்துப் போனவர்கள் கெட்ட காலம் வந்துவிட்டது என்று பயந்து தபாலில் திருப்பி அனுப்புகிறார்களாம்.

அம்மா: ஐயோ, வேண்டாம். கேட்டதையே மறந்துவிடு.

(இரண்டு மணி நேரம் கழித்து)

ராஜி: விடுதிக்கு வந்து சின்னவனின் கால்சட்டையை உதறினேன். மூன்று கற்கள் விழுந்தன.

அத்தை: முருகா!

சித்தப்பா: எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ராஜி: கிளம்பிவிட்டோம். பூங்கா இரவிலும் திறந்திருக்கும். முழங்கால் வலிக்காரர்தான் ஓட்டுகிறார், பேச்சே இல்லை.

அத்தை: வெறுங்கையோடு வைக்காதே. மன்னிப்புக் கேட்டு ஒரு கற்பூரம் ஏற்று.

ராஜி: அத்தை, இங்கே கண்ட இடத்தில் தீ மூட்ட அனுமதி இல்லை.

கண்ணன்: எரிமலையிலா?